அஞ்சலையக்கா படத்துக்கு விழுந்த மாலை

"சார், செவுத்துல அஞ்சலக்கா படத்துக்கு யாரோ மால போட்டுருக்காங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் ஒரு வேன் கண்ணாடிக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது நிவேதா, என்னிடம் ஓவியம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண். லேசில் பயப்படுகிறவள் இல்லை. அன்று குரல் கீச்சென்று வந்தது.

"வெளையாட்டுக்கு எவன்னா போட்டிருப்பான். எடுத்துப் போட்டுடும்மா" என்றேன்.

"நெசமான மால சார். கேந்திப்பூ. கீழ ஊதுவத்தி, சூடம்லாம் கொளுத்தி வெச்சிருக்காங்க. ரோட்ல போறவங்க நின்னு கும்புட்டுட்டுப் போறாங்க. தொடறதுக்கு பயமா இருக்கு சார்."

என் கையிலிருந்த கட்டர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. வெட்டிக்கொண்டிருந்த எழுத்தின் கால் துண்டாகி விழுந்தது.

அஞ்சலையக்கா சாகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான், நாங்கள் அந்தப் படத்தைப் பள்ளி மதிலில் தொடங்கும்போது பக்கத்தில் நின்று, "என் மூக்க கொஞ்சம் சின்னதா போடுங்கடி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

முகம் காட்டாத வாத்தியார்

நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் பக்கத்துக் கடைக்காரர் போன வாரம் கேட்டார். "நாலு பேர் எதிர்ல நின்னா நாக்கு ஒட்டிக்கிற ஆளு நீ. நீ எப்டிய்யா வாத்தியாரான?"

நியாயமான கேள்வி. ஓவிய வாத்தியார் கரும்பலகையைப் பார்த்து நின்றால் போதும் என்பதுதான் பதில். பிள்ளைகளுக்கு என் முகத்தைவிட முதுகு நன்றாகத் தெரியும்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் ஓவியத் தேர்வுகள் மட்டும் எழுதினேன். கடலூரில் சின்னதாக ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை. வண்டி நம்பர், ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், பைக் டேங்கில் கழுகு. வாரத்தில் சில நாள் மட்டும் பகுதிநேர ஓவிய ஆசிரியர். பள்ளி, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், குடிகாடு தாண்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். வெள்ளை மதில், வாசலிலேயே பஸ் நிறுத்தம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஓவிய வகுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி நாள் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். மீதி நாள் பூந்தொட்டி, மாம்பழம், கிளி. கடலோரத்தில் பிறந்து மலையையே பார்க்காத பிள்ளைகள், இரண்டு மலைக்கு நடுவில் சூரியனை உதிக்க வைப்பார்கள். நானும் சரி போட்டுக் கொடுப்பேன்.

ஒருமுறை சிதம்பரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பேச வந்த இளைஞர் திரையில் படங்கள் காட்டினார். தெருச்சுவரில் வெட்டுத்தகடு, அதாவது ஸ்டென்சில், வைத்து வண்ணம் அடித்த முகங்கள். கடையில் விற்கிற சாதாரண டப்பாவைப் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள். ஒரே முகம் நான்கு கட்டத்தில், நான்கு விதமான வண்ணத்தில். இதற்குப் பாப் ஆர்ட் என்று பெயராம். எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். இதில் பாதி என் கடையில் தினம் நடக்கிறதே என்று இருந்தது.

அடுத்த வகுப்பில் கிளி இல்லை. "நம்ம ரோட்ல தெனம் பாக்கறத எதனா வரைங்க" என்றேன், வழக்கம்போலப் பலகையைப் பார்த்தபடி. தண்ணீர் கேன் வந்தது. பரோட்டா பார்சல், மீன் ஐஸ் பெட்டி, மினி பஸ்ஸின் பின்பக்கம் எல்லாம் வந்தன. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் வகுப்பில் அது புதிது.

வெட்டுத்தகட்டுக்கு அட்டை சரிப்படவில்லை, வண்ணம் பட்டால் ஊறிப்போகிறது. பழைய எக்ஸ்ரே படம் நன்றாக வந்தது. கட்டர் வழுக்கிக்கொண்டு ஓடும், துடைத்தால் மறுபடி உதவும். "வூட்ல இருந்தா எடுத்தாங்க" என்றேன். மறு வகுப்பில் தாத்தாவின் இடுப்பு, அத்தையின் முட்டி, கிரிக்கெட் ஆடி உடைந்த மணிக்கட்டு எல்லாம் மேசைமேல் கிடந்தன.

"சார், இது எங்க சித்தப்பா நெஞ்சு. உள்ள ஒண்ணுமே கெடையாதுன்னு சித்தி சொல்லும்" என்றான் ஒருவன்.

ஆண்டுவிழாவுக்கு மதிலின் வெளிப்பக்கம் ஏதாவது வரையலாம் என்று தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்தார். அவர் மனதில் இருந்தது மரம். பிள்ளைகள் மனதில் வேறு.

"பாப் ஆர்ட்ல ஸ்டாருங்க மூஞ்சிதான சார் போடுவாங்க? நம்ம ரோட்டுக்கு ஸ்டாரு யாரு?" என்றாள் நிவேதா.

ஓட்டெடுப்பு நடந்தது. சினிமாக்காரர்கள் எல்லாம் தோற்றார்கள். பள்ளி வாசலில் கூடை வைத்து மாங்காய், நெல்லிக்காய், கொடுக்காப்புளி விற்கும் அஞ்சலையக்கா ஜெயித்தார்.

நெற்றியில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. பஸ் ஹாரனைத் தாண்டுகிற குரல். மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே பரீட்சை மார்க் விசாரிப்பார். மார்க் குறைந்தால் தூள் ஜாஸ்தியாக விழும்.

இருக்காங்களா?

இங்கே என் கடை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆட்டோவின் பின்னால் அம்மா முகமோ அப்பா முகமோ வெட்டி ஒட்டச் சொல்லிப் போட்டோ கொண்டு வருவார்கள். கையில் வாங்கியதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இருக்காங்களா?" என்பதுதான்.

இருந்தால் கலர். பொட்டைத் தனியாகச் சிவப்பில் வெட்டி ஒட்டுவேன். இல்லையென்றால் கறுப்பு வெள்ளை, கீழே தோற்றம் மறைவு, சுற்றிப் பூ. எங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தாலே இந்தக் கணக்கு பிடிபடும். கண்ணீர் அஞ்சலி பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. காதுகுத்தும் கல்யாணமும் கலர். பஸ்ஸில் போகிறவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்வார்.

ஒரு லோடு ஆட்டோக்காரர் அப்பா படம் கொண்டு வந்தார். இருக்காங்களா என்றேன். "இருக்காரு. ஆனா எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்த இல்ல. நீ கருப்பு வெள்ளையிலயே வெட்டு" என்றார். நான் கலரிலேயே வெட்டி ஒட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த ஆட்டோ இன்னும் ஓடுகிறது. அப்பா வெளுத்திருக்கிறார், ஆனால் கலரில்தான் இருக்கிறார்.

கடையில் இவ்வளவு கறாராக இருந்த எனக்கு, பள்ளி மதிலுக்கு முன்னால் அந்தக் கேள்வி எழவே இல்லை.

நான்கு கட்டமாக அஞ்சலையக்கா முகம் போடுவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை முதல் கட்டம் மட்டும். பள்ளியில் இருந்தது கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்பும், விளையாட்டு விழாவில் மிஞ்சிய கொஞ்சம் ஆரஞ்சும். மற்ற வண்ணங்கள் திங்கட்கிழமை வரும். அதனால் கறுப்பை முதலில் அடித்தோம். வெள்ளை மதிலில் அக்கா முகம் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது.

பாப் ஆர்ட்டில் புள்ளி வைப்பார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். நிவேதா காலி கூல்ட்ரிங்க் பாட்டிலைக் கொண்டு வந்து, அதன் அடிப்பாகத்தை ஆரஞ்சில் தொட்டு முகத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றினாள். அந்தப் பாட்டிலின் அடி ஐந்து குமிழாக இருக்கும். புள்ளி புள்ளியாக வரவில்லை, பூவாக வந்தது.

"சார், செமயா இருக்குல்ல?" என்றாள்.

ஆமாம் என்றேன். அப்போது அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நானும் பஸ் ஏறி, ஜன்னல் வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளையில் ஒரு பெண் முகம். சுற்றி ஆரஞ்சுப் பூ. பொட்டு கிடையாது, ஏனென்றால் சிவப்பு திங்கட்கிழமைதான் வரும்.

"நீதான்டி பாவி!"

நான் போய்ச் சேர்வதற்கு முன் நடந்ததைப் பல பேர் சொல்லிக் கேட்டுக் கோர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை யாரோ பஸ்ஸிலிருந்து அந்தப் படத்தைப் போனில் எடுத்து, அழுகிற பொம்மையோடு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி சேத்தியாத்தோப்பில் இருக்கும் அஞ்சலையக்காவின் அக்காவுக்குப் போய்விட்டது. தங்கைக்குப் போன் அடித்தால் சுவிட்ச் ஆப். சார்ஜ் போட மறந்த போன், அவ்வளவுதான். அந்த அம்மாள் ஞாயிறு காலை பஸ் பிடித்து வந்து பள்ளி நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார். இறங்கினால் எதிரே மாலையும் சூடமுமாகத் தங்கை முகம்.

அங்கேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கி, தெரு முழுக்க அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். சத்தம் கேட்டு அஞ்சலையக்கா கையில் மாங்காயோடு வெளியே வந்தார்.

"யாருக்கா செத்தது?"

"நீதான்டி பாவி!"

தெருவே சிரித்திருக்கிறது. அஞ்சலையக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாராம். "எங்க, காட்டு, நான் எப்டி செத்துருக்கன்னு பாக்கறேன்" என்று மதிலுக்கு நடந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

மதிலுக்கு முன்னால் நின்றார். ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நெஞ்ச அடைக்குதுடி" என்று சொல்லி மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியின் தம்பி செல்வம் பைக்கில் என்னைக் கொண்டுபோய் இறக்கியபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அக்காவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் வியர்வை, பொட்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"நான் இன்னா பண்ணேன் டிராயிங் சார் ஒங்களுக்கு?"

கதவைச் சாத்திவிட்டார்கள்.

கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "உசுரோட இருக்கறவளுக்கு காரியம் பண்ணிட்டாங்கய்யா." "படம் போடறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" "வாத்தியாரு எதனா சொல்றாரா பாரு, கல்லு மாரி நிக்கிறாரு."

நிவேதா மற்ற பிள்ளைகளோடு ஓரமாக நின்றாள். கைகளைப் பின்னால் மறைத்திருந்தாள். அவள் நகக்கண்ணில் இன்னும் ஆரஞ்சு போகவில்லை.

செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, வண்டில ஏறு. இங்க நின்னா பேசிக்கினேதான் இருப்பாங்க. அவுங்க கிட்ட போய் நில்லு."

வெள்ளாறு தாண்டி

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வழியிலேயே தெரிந்தது. வண்டியைத் திருப்பினோம். புதுச்சத்திரம் தாண்டினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது செல்வம் சொன்னான்.

"மாமா, எனக்கு எதனா ஆச்சின்னாலும் நீ கலர்லயே போட்டுடு. இப்பவே சொல்லிட்டேன்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் அஞ்சலையக்கா போய்விட்டால் அந்தப் படம் நிஜமான அஞ்சலியாகிவிடும். நாங்கள் முன்கூட்டியே ஒட்டிய அஞ்சலி. அந்தப் பழியோடு நிவேதா அந்த ஊரில்தான் வளர வேண்டும்.

ஆஸ்பத்திரி நடையில் டெட்டால் வாசனையும், யாரோ பிரித்த புளிசாதத்தின் வாசனையும் கலந்து வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவுக்கு எதிரே, சேத்தியாத்தோப்பு அக்கா தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலையக்காவின் மகன் சதீஷ் சுவரோரம் நின்றான். கம்பெனியில் பிட்டர் வேலை, நல்ல உயரம். சீருடையோடு அப்படியே வந்திருந்தான்.

"நீங்கதான் அந்த டிராயிங் வாத்தியாரா?"

தலையை ஆட்டினேன்.

"எங்கம்மா காலைல எனக்கு டப்பால சோறு கட்டிக் குடுத்துச்சு. இப்ப உள்ள கெடக்குது. இன்னிக்குப் பொழுது போனாத்தான் சொல்ல முடியும்னுட்டாரு டாக்டரு. எதனா ஒண்ணு ஆச்சி..." முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்போது என் போன் அடித்தது. தலைமை ஆசிரியை.

"இன்னிக்கே அந்தப் படத்துமேல வெள்ளை அடிச்சிடுங்க. நாளைக்கு நான் வரும்போது அது அங்க இருக்கக் கூடாது. இருந்தா நீங்க வர வேண்டியதில்ல."

"சரிங்க மேடம்."

என் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வாக்கியம் அது. போனை வைத்தபோது சதீஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சரிங்க மேடம்?"

"படத்த... வெள்ளை அடிச்சி அழிச்சிடச் சொல்றாங்க."

தரையில் இருந்த சேத்தியாத்தோப்பு அக்கா பாய்ந்து எழுந்தார். "அழிப்பியா? உள்ள உசுருக்குப் போராடிக்கினு கெடக்கா, அவ மூஞ்சில சுண்ணாம்பு பூசி அழிப்பியா நீ? அப்பறம் அவ எங்கடா இருப்பா? போயே பூடுவாளே!"

நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்து அதட்டினார். சதீஷ் குரலைத் தாழ்த்தினான். "பெரியம்மா சொல்றதுதான். எங்கம்மா மூஞ்சி அழிஞ்சிச்சின்னா நல்லா இருக்காது சார்."

அழித்தால் ஒரு பேச்சு. அழிக்காவிட்டால் அது அஞ்சலிப் படமாகவே நிற்கும். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்தோம்.

அந்த அமைதியில்தான் கடை ஞாபகம் வந்தது. ஆட்டோக்காரர், அவருடைய பேசாத அப்பா.

"இருக்காங்க இல்ல..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். "அம்மா இருக்காங்க. இருக்கறவங்களுக்குக் கலர்தான் போடணும். எங்க கடைல அதான் வழக்கம். நான் அழிக்கல தம்பி. மேல கலர் போட்டு முடிச்சிடறேன். அம்மா பொழைச்சி வந்து பாக்கற மாரி."

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

சதீஷ் என் பக்கம் திரும்பினான். "பொட்டு?"

"செவப்புல. தனியா."

"இருட்றதுக்குள்ள போட்ருங்க." கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "எதுவா இருந்தாலும் போன் பண்றேன்."

தெருவிலிருந்து வந்த வண்ணங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெயின்ட் கடைகள் பூட்டியிருந்தன. நிவேதாவுக்குப் போன் செய்து, "யார் வூட்லனா கலர் மிச்சம் இருக்கா கேளும்மா" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

நாங்கள் திரும்பியபோது மதிலோரம் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒருத்தன் அப்பாவின் ஆட்டோவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள். துறைமுகத்துப் பக்கத்துப் பையன் கொண்டுவந்த படகு நீலம். யாரோ வீட்டு ஜன்னல் பச்சை. இவ்வளவு இருந்தும் சிவப்பு இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மாலை. அது இன்னும் மதிலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவரும் தொடத் தயாராக இல்லை. சாவுக்குப் போட்ட மாலையை எவன் எடுப்பான்? நானும் கையை நீட்டி, நீட்டி, இழுத்துக்கொண்டேன்.

செல்வம் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேராக வந்தான். மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"எப்டி மாமா இருக்கேன்? மாப்ள மாரி இல்ல? எனக்கும் ஒரு பொண்ணு பாருங்கம்மா" என்று கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"ஒன் மூஞ்சிக்கு மாலதான் கொறச்சல்" என்றார் அந்தப் பெண். யாரோ சிரித்தார்கள். பிள்ளைகளின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். பிறகு அவன் மாலையைக் கழற்றி ஓரத்தில் நின்ற ஆட்டுக்குப் போட்டான். அது நின்று நிதானமாகத் தின்றது.

வேலையைத் தொடங்கினோம். பின்னணிக்கு மஞ்சள். சேலைக்கு நீலம். ஆரஞ்சுப் பூக்களை என்ன செய்வது என்று நிவேதா கேட்டாள். அவளே யோசித்து, ஒவ்வொரு பூவையும் பச்சையால் வளைத்து மூடி, நுனியில் சின்னக் காம்பு வைத்தாள். அஞ்சலையக்காவைச் சுற்றி இருந்த கேந்திப்பூ எல்லாம் ஒவ்வொன்றாக மாங்காயாக மாறிக்கொண்டு வந்தன.

பாதியில் கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து நிவேதாவின் கையைப் பிடித்துப் பிரஷ்ஷைப் பிடுங்கினார். "போதும்டி. அந்தம்மா அங்க சாவக் கெடக்குது, இங்க கோலம் போட்டுக்கினு இருக்கீங்க."

நான் மதிலைப் பார்த்து நின்றிருந்தேன். எனக்குப் பழக்கமான நிலை அது. அன்று திரும்பினேன். கூட்டம் மொத்தமும் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"அவுங்க இருக்காங்க. அதான் கலர் போடறோம். பிரஷ்ஷ குடுத்துட்டு தள்ளி நில்லுங்க."

அவர் கொடுத்துவிட்டார்.

வெயில் இறங்கிக்கொண்டு வந்தது. சட்டைப் பையில் போன் கனத்தது. ஒருமுறை அடித்தது, எல்லோரும் அசையாமல் நின்றோம். ரீசார்ஜ் செய்யச் சொல்லி ஒரு பதிவுக் குரல்.

பொட்டு மட்டும் பாக்கி. கையோடு கொண்டு வந்திருந்த கடைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். நம்பர் பிளேட்டுக்கு வெட்டி மிஞ்சிய சிவப்பு ரேடியம் துண்டு ஒன்று கிடந்தது. வட்டமாக வெட்டி, பசை தடவி, நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தேன். காய்கிற வரை உள்ளங்கையை எடுக்கவில்லை. மதில் சூடு கையில் ஏறியது. ஒருவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது.

சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. அந்த வெளிச்சத்தில் பொட்டு பளிச்சென்று எரிந்தது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"அந்தக்கா பூடுச்சின்னு நெனச்சித்தான் சார் நான் மால வாங்கிப் போட்டேன். தெனம் ஜன்னல்ல மாங்கா நீட்டும். மனசு கேக்கல." அழுதுவிடுவார் போல இருந்தார். "இருக்குதா சார்?"

போன் அடித்தது. சதீஷ்.

காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"சார்... அம்மா கண்ணு முழிச்சிச்சு. மாங்கா கூடைய வாசல்லயே வுட்டுட்டு வந்துட்டேன், யார்னா உள்ள எடுத்து வெச்சீங்களான்னு கேக்குது."

நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். நிவேதா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். டிரைவர் பஸ்ஸுக்குப் போய் ஹாரனை அழுத்தினார், கையை எடுக்காமல்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை மதிலுக்கு முன்னால் கைப்பையோடு நின்றார்.

"வெள்ளை அடிக்கலையா?"

"இல்லீங்க மேடம்."

என்னை ஒருமுறை பார்த்தார், படத்தை ஒருமுறை பார்த்தார். "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மரம் வரையும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

செத்துப் பார்த்தவர்

அஞ்சலையக்கா வந்து சேர மேலும் சில நாள் ஆனது. வந்த அன்று கூடை இல்லை. சதீஷ் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். பள்ளி விடுகிற நேரம். சாலைக்கு அந்தப் பக்கமே நின்று மதிலைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மெதுவாகக் கடந்து வந்தார். முகத்துக்கு நேரே முகமாக நின்றார். பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

நிவேதா முன்னால் வந்து, "அக்கா..." என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"ஏன்டி அழுவற? நான் செத்ததுக்கா?" என்றார் அஞ்சலையக்கா. "மூக்க சின்னதா போடச் சொன்னேன், கேட்டியா? பெட்டி மாரி போட்டு வெச்சிருக்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். ஆம்புலன்ஸில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார் என்று நின்றேன்.

"ஒண்ணு சார். செத்தா யார் யாரு வருவாங்கன்னு பாத்துட்டன்ல. சேத்தியாத்தோப்புக்காரி அடிச்சிக்கினு ஓடியாந்துட்டா. அந்த பஸ்காரன் மால போட்டுட்டான். கிள்ளைல இருக்கான் எங்கூடப் பொறந்தவன். தெரிஞ்சும் வரல சார் அவன்." சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நின்று நின்று வந்தது. "யாருக்கு சார் இது கெடைக்கும்?"

சதீஷிடம் கை நீட்டினார். அவன் பைக்கில் மாட்டியிருந்த பையிலிருந்து பெரிய பழுப்பு உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதற்குள் எக்ஸ்ரே.

"நெஞ்சுல ஒண்ணுமில்லையாம். அதிர்ச்சிதானாம். மாத்திர குடுத்துருக்காங்க. இது வூட்ல சும்மா கெடந்து இன்னாத்துக்கு? நீங்கதான இத வெட்டுவீங்க."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நீலத்தில் வெள்ளையாக விலா எலும்புகள், நடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்த நிழல். ஓரத்தில் அவர் பெயர். நிவேதா அதை வாங்கிக்கொண்டாள்.

"இதுல யார வெட்டணும்க்கா?" என்றாள்.

"எங்கக்காவ வெட்டு. சேத்தியாத்தோப்புக்காரிய. வாயத் தொறந்து ஒப்பாரி வெக்கிற மாரி. ஊரே பாக்கட்டும்."

பிள்ளைகள் கத்தினார்கள். நிவேதா அங்கேயே மதிலோரம் குந்தி, எக்ஸ்ரேயைத் தரையில் விரித்து, மார்க்கரைத் திறந்தாள். முகத்தின் வெளிக்கோட்டைப் போடுவதற்குக் கையைக் கொண்டுபோனாள்.

"இரு" என்றேன். "பொட்ட மொதல்ல வெட்டு."